அட்டைக் கிடார்

அரிசோனா
பிப்ரவரி 14, 1999

அன்புத் தங்கை ஹௌலானிக்கு,

அண்ணன் பெனி எழுதுகிறேன். அலோஹா. நீ, மாப்பிள்ளை, குழந்தை லைலா எல்லோரும் சுகம்தானே? குழந்தை என்று எழுதிவிட்டேன், அவளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பாலைவனத்துக் குளிரில் உதடு வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாக அவரிடம் சொல்லாதே.

நல்ல செய்தி ஒன்று. நவம்பரில் என்னைச் சிறையிலிருந்து வெளியே விடுகிறார்கள். நம் தீவுக்குத் திரும்பி வரலாம், நம் வீட்டிலேயே இருக்கலாம். அப்பா உள்ளே விட்டால்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். திட்டாமல் முழுக்கப் படி.

சாமுவேல் அங்கிள் போனதிலிருந்து அப்பா என் பெயரை வாயில் எடுத்ததில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு வண்டியை ஓட்டியவன் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்து செத்தவர் அப்பாவோடு வாழ்நாள் முழுக்கக் கிடார் வாசித்தவர். மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பிரிக்காமல் திரும்பி வந்தது. தொலைபேசியில் என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறார். நேரில் வந்து வாயால் கேட்டால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார், உனக்கே தெரியும். அவரால் எழுந்து போக முடியாதது ஒன்றுதான். அம்மாவுக்காக அவர் கட்டினாரே, வார்த்தையே இல்லாத அந்தப் பாட்டு. அவர் முன்னால் உட்கார்ந்து நான் அதை வாசிக்கப் போகிறேன்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. உகுலேலேக் குட்டிக் கிடாரில் மூன்று பிடி மட்டும் அடிக்கத் தெரிந்தவன் நான். அப்பா கூப்பிட்டபோதெல்லாம் அலைப்பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடியவன். இப்போது கற்றுக்கொள்ள என்னிடம் கிடாரும் இல்லை. வீட்டில் பதிந்த ஒலிநாடாவையும் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் கண் இருக்கிறது, நேரம் கொட்டிக் கிடக்கிறது.

அப்பா சாயங்காலம் வாசிக்கும்போது நீ எதிரில் உட்கார். அவர் இடதுகை விரல்கள் எங்கே அழுத்துகின்றன என்று பார். ஆறு தந்திக்கு ஆறு கோடு போடு, தடித்த தந்தி மேலே. குறுக்கே உள்ள கம்பிகளுக்குக் குறுக்குக் கோடு. விரல் விழும் கட்டத்தில் ஒரு புள்ளி. விரல்கள் இடம் மாறும்போதெல்லாம் புதுப் படம். அதை அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுருதியைப் பற்றி மட்டும் கேட்காதே, ஒட்டுக் கேட்கவும் கூடாது. தந்திகளை எவ்வளவு தளர்த்தி வைத்து வாசிக்கிறார் என்பது நம் வீட்டு ரகசியம், அவராகக் கொடுத்தால்தான் நமக்கு.

உன் அண்ணன்,
பெனி


நாஆலேஹு
மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

அலோஹா. இங்கே எல்லோரும் நலம். காற்றுதான் கூரையைப் பிய்க்கிறது. அப்பாவுக்கு முட்டி பரவாயில்லை, வாய்தான் அதிகம். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. அங்கே கிடைக்காதென்றால் நாக்கால் நக்கிக்கொண்டே இராதே, இன்னும் வெடிக்கும்.

நவம்பர் என்று படித்ததும் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் மற்றதைப் படித்தேன். அண்ணா, உனக்குப் பைத்தியம். இரண்டு நாய் குரைத்தால் எது எந்த நாய் என்று தெரியாத காது என்னுடையது. என்னைப் போய் இந்த வேலைக்கு வைக்கிறாய்.

ஆனாலும் உட்கார்ந்தேன். மக்கடேமியாக் கொட்டை ஆலையிலிருந்து வந்ததும் வராததுமாக, அப்பாவுக்கு எதிரே பெஞ்சில். முதல் நாளே கேட்டுவிட்டார்.

"என்ன, புதுசா பாட்டெல்லாம் கேக்குற?"

"காத்தாட உக்காந்திருக்கேன்."

"காத்து அந்தப் பக்கம்ல அடிக்குது."

அதோடு விட்டுவிட்டார். விரல்கள் எவ்வளவு வேகம்! ஒன்றைப் பார்த்துக் கோடு போடுவதற்குள் கை நாலு இடம் தாண்டிவிடுகிறது. முதல் இரண்டு வரியை ஒரு வாரம் பார்த்துத்தான் பிடித்தேன். இதோடு வைத்திருக்கிறேன்.

சுருதியை நான் கேட்டாலும் கிடைக்காது. வாசித்து முடித்த கையோடு ஆறு தந்தியையும் தளர்த்திவிட்டுத்தான் இன்றும் எழுந்திருக்கிறார். நேற்று எல்ராய் வேலிப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். நம் மாமன் மகனுக்கு ஹோட்டலில் வாசித்து வாசித்துப் பேராசை அடங்கவில்லை. திறந்த தந்தியை ஒரு தடவை தட்டிப் பார்த்தால் போதும், அவன் காது பிடித்துக்கொள்ளும். அடுத்த சனிக்கிழமை சுற்றுலாக்காரர்கள் முன்னால் நம் வீட்டுச் சுருதி ஓடும்.

"மாமா, கிடாரக் கொஞ்சம் குடுங்களேன், எடை பாக்கறேன்" என்றான்.

"இந்தாடா, நல்லாப் பாரு" என்று அப்பா நீட்டினார். தந்தியெல்லாம் துணிக்கொடி மாதிரி தொங்குகிறது. எல்ராய் முகத்தைப் பார்க்கணுமே!

உன் தங்கை,
ஹௌலானி


அரிசோனா
ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

அலோஹா. நலம். உன் கடிதம் வர ஏன் இத்தனை நாள் என்று கேட்காதே. கடிதம் பிரிக்கிற அதிகாரி உன் படங்களைப் பார்த்து மிரண்டுவிட்டார். கோடு, கட்டம், புள்ளி! என்னைக் கூப்பிட்டு, "இது எந்த வேலி? புள்ளியெல்லாம் யாரு, காவலாளியா?" என்று கேட்டார். பாட்டு என்றேன். "பாட்டுன்னா பாடு" என்றார். பாடினேன், பாதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சமையலறையிலிருந்து நீள அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி வெட்டி, கிடாரின் கழுத்து அகலத்துக்குக் கோடு போட்டிருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விரல் வைக்கிறேன். முதலில் படத்தைப் பார்த்து வைத்தேன். இப்போது அட்டையைப் பார்க்காமல் வைக்கிறேன். அடுத்து அட்டையே இல்லாமல். காலையில் எங்களை எண்ணுவதற்காக நிற்க வைப்பார்கள், அப்போது கண்ணை மூடினால் கட்டங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு பிடியும் ஒரு உருவம், ஊரில் பார்த்த நட்சத்திரக் கூட்டம் போல என்று என் அறைக்கூட்டாளியிடம் சொன்னேன். மாவி தீவுக்காரன், வாய் நீளம்.

"எல்லாம் சரிதான், அட்டை சத்தம் போடுதா?" என்றான்.

"மனசுக்குள்ள போடுது."

"அப்ப மனசுக்குள்ளயே வாசி, கட்டில ஆட்டாத."

இன்னும் அனுப்பு. அப்பா என்னைப் பற்றி ஏதாவது?

உன் அண்ணன்,
பெனி


நாஆலேஹு
மே 23

அன்புள்ள அண்ணா,

அலோஹா. எல்லோரும் நலமே. லைலா உண்டாகியிருக்கிறாள்! டிசம்பரில் பிறக்கும். நீ பெரிய தாத்தாவாகப் போகிறாய். முடியெல்லாம் இருக்கிறதா?

உன்னைப் பற்றி அப்பா ஒன்றும் பேசவில்லை. கேட்பாய் என்று தெரியும், பொய் எழுத மனமில்லை. சாமுவேல் அங்கிளின் கல்லறைக்கு ஞாயிறுதோறும் பூ கொண்டுபோகிறார். உன் அறை பூட்டியபடி இருக்கிறது.

பாட்டின் பாதி வந்துவிட்டது. நடுவில் விரலெல்லாம் கழுத்தின் அடிப்பக்கம் இறங்கி ஓடும் இடம் இருக்கிறதே, அதற்கு ஒன்பது படம் போட வேண்டியதாயிற்று. அதில் ஒன்றைக் காணோம் என்று வீடெல்லாம் தேடி, வேலைக்கே தாமதமாகப் போனேன். வந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையில் சோயா சாஸ் பாட்டிலுக்கு அடியில் இருக்கிறது. என் மறதி நாளுக்கு நாள் முற்றுகிறது. நல்லவேளை அப்பா கண்ணில் படவில்லை.

உன் தங்கை,
ஹௌலானி


அரிசோனா
ஜூன் 21

தங்கச்சி,

அலோஹா. லைலாவுக்கு என் ஆசி. புளிப்பாக எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடு.

எனக்கு மனசு சரியில்லை. நேற்று இங்குள்ள தேவாலயத்தில் கிடாரைக் கையில் கொடுத்தார்கள். பாட்டுக்குழுவை நடத்துகிற சமோவாக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்தார். கண்ணை மூடினேன். கட்டங்கள் பளிச்சென்று வந்தன. விரலை வைத்தேன்.

சுருதி வேறு, சத்தம் கோணலாகத்தான் வரும் என்று தெரியும். அது இல்லை பிரச்சினை. கையே போகவில்லை. சுட்டுவிரல் போக வேண்டிய இடத்துக்குச் சுண்டுவிரல் போகிறது, ஒரு பிடியிலிருந்து அடுத்ததற்கு மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு தாவ வேண்டியிருக்கிறது. தட்டையான அட்டையில் எதுவும் முடிந்தது. உண்மைக் கழுத்தில் எந்த மனிதனுக்கும் அப்படி விரல் மடங்காது.

"என்னப்பா இது, நண்டு மாதிரி பின்னாலயே நடக்குற?" என்று சமோவாக்காரர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

உன் படம் தப்பா, என் கை தப்பா, தெரியவில்லை. சத்தமில்லாமல் படித்தால் தப்பு தப்பென்று சொல்ல ஆளில்லை. இத்தனை நாள் எதை மனசில் ஏற்றினேன் என்றே புரியவில்லை, ஹௌ. நவம்பருக்கு எத்தனை நாள் இருக்கிறது? அப்பா முன்னால் போய் என்ன செய்வேன்? அட்டையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

பெனி


நாஆலேஹு
ஜூலை 11

அன்புள்ள அண்ணா,

அலோஹா. உடம்பைப் பார்த்துக்கொள். அட்டையை எடுத்து மேலே வை. மடித்தால் மடிப்பு விழும், அப்புறம் இன்னொரு பெட்டிக்கு அலைவாய்.

நான் பார்த்ததைத்தான் போட்டேன், சத்தியமாக. ஆனால் உனக்காக மறுபடி முதலிலிருந்து போடலாம் என்று உட்கார்ந்தால் அப்பா புதுத் தொல்லை கொடுக்கிறார். நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்!

"ஏம்ப்பா?"

"வெயில் கண்ணுல குத்துது."

"பொழுது சாஞ்சாச்சு, எங்கருந்து வெயில்?"

"எனக்குக் குத்துது. நீ பின்னால படிக்கட்டுல உக்காரு."

இப்போது அவர் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, கழுத்து வலிக்கிறது. ஒரு நன்மை, வேகம் குறைந்துவிட்டது. மூட்டுவலி விரலுக்கும் வந்துவிட்டது போல. ஒரு பிடியைப் பிடித்தால் அப்படியே வைத்துக்கொண்டு இருக்கிறார். அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார். வயசாகிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது. நேற்று பென்சில் சத்தம் கேட்டிருக்கும் போல.

"என்னத்தக் கிறுக்குற?"

"கடையில வாங்க வேண்டியத எழுதறேன்."

"எழுது, எழுது. மெதுவா எழுது" என்றார்.

முதல் வரியிலிருந்து புதுப் படங்கள் வைத்திருக்கிறேன். பழையதோடு ஒத்துப்பார்.

உன் தங்கை,
ஹௌலானி


அரிசோனா
ஜூலை 29

என் தங்கமே ஹௌலானி,

அலோஹா, அலோஹா, அலோஹா. எல்லோரும் சுகமா என்றெல்லாம் அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

உன் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தேன். அதே புள்ளிகள், ஆனால் ஒட்டவில்லை. முகம் மழிக்கும் கண்ணாடி முன்னால் பழையதைப் பிடித்தேன். கண்ணாடிக்குள் தெரிந்தது உன் புதுப் படம்!

தப்பு என்னுடையது, உன்னுடையது அல்ல. எதிரில் உட்கார் என்று சொன்னவன் நான்தானே? எதிரில் உட்கார்ந்தால் அவருடைய இடம் உனக்கு வலம். கழுத்தின் தலைப்பக்கத்தை நான் அடிப்பக்கம் என்று படித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முழுவதையும் இடவலம் மாற்றி மனசில் ஏற்றியிருக்கிறேன். முட்டாள் என்றால் வடிகட்டின முட்டாள்.

இன்னொன்று கேள். சோயா சாஸ் பாட்டிலுக்கு அடியில் காகிதத்தை வைத்தது நீ இல்லை. அப்பாவுக்கு மூட்டுவலியும் இல்லை, வெயிலும் குத்தவில்லை. அவர் உன் படத்தைப் பார்த்துவிட்டார், ஹௌ. யாருக்கு என்று புரிந்திருக்கிறது. மாறிப்போயிருப்பதும் தெரிந்திருக்கிறது. நீ சரியான பக்கத்திலிருந்து பார்க்கட்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார். எனக்காக அந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

நீ ஒரு வார்த்தை பேசாதே, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. காட்டினால் எழுந்து போய்விடுவார். கடைச் சாமான் எழுதிக்கொண்டே இரு.

மன்னித்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். மற்றது அவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். சுருதியையும் அன்றைக்கு அவராகவே கொடுப்பார். கொடுத்தார் என்றால் மன்னித்தார் என்று அர்த்தம்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். பழைய உருவங்களை மனசிலிருந்து அழிப்பதுதான் கஷ்டம், கண்ணை மூடினால் இரண்டும் வந்து முட்டிக்கொள்கின்றன. பரவாயில்லை, அழிப்பேன்.

உன் அண்ணன்,
பெனி


ஹீலோ மருத்துவமனை
செப்டம்பர் 19

அண்ணா,

நான் நலம். அப்பா உயிரோடு இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை. தொட்டிப் பக்கம் முகம் கழுவப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கை, இடது கால் இரண்டும் போய்விட்டன. நான் கத்தியதைக் கேட்டு எல்ராய்தான் ஓடி வந்து ஆம்புலன்சுக்குச் சொன்னான். முற்றத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம்.

படுத்திருந்தவர் வலது கையை வீட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு வரவில்லை.

"என்னப்பா? சட்டையா? மருந்தா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கையை இறக்கவே இல்லை. அது காட்டிய பக்கம் போனேன். உன் அறை, அண்ணா. கதவு திறந்திருந்தது. பெருக்கித் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தது. எப்போது செய்தார் என்று தெரியாது. கிடார் கட்டில் மேல் இருந்தது, ஆறு தந்தியும் முறுக்கினபடி.

எனக்குத் திக்கென்றது. தளர்த்த மறந்துவிட்டார், அதற்குத்தான் துடிக்கிறார். வாசலில் எல்ராய் நிற்கிறான்! ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பார்கள்? கிடாரை வெளியே தூக்கி வந்து அப்பாவின் கண் முன்னாலேயே உட்கார்ந்து ஆறு முறுக்காணியையும் தளர்த்தினேன். எல்ராயைக் கிட்டவே விடவில்லை.

"ஆச்சுப்பா, எல்லாத்தையும் தளத்திட்டேன். இனி எவனும் எடுத்துட்டுப் போக முடியாது" என்றேன்.

அப்பா வாயைத் திறந்து பெரிதாக ஒரு சத்தம் போட்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அந்த நிலைமையிலும் அந்தக் கிடார் மேல் அவருக்கு எவ்வளவு கவலை பார்.

வேறு விவரம் பிறகு எழுதுகிறேன். வேண்டிக்கொள்.

ஹௌலானி


அரிசோனா
செப்டம்பர் 27

ஹௌலானி,

அப்பாவைப் பார்த்துக்கொள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று எழுது.

உடனே ஒன்று சொல். தளர்த்துவதற்கு முன்னால் தந்தி எதையாவது தட்டிப் பார்த்தாயா? திறந்தபடி, ஒன்றையாவது? தூக்கி வரும்போது கை பட்டுச் சத்தம் எழுந்ததா? எல்ராய் காதில் ஏதாவது விழுந்திருக்குமா? அவனைக் கேட்டுப் பார். தடித்த இரண்டு தந்தி மட்டும் போதும்.

பெனி


நாஆலேஹு
அக்டோபர் 10

அன்புள்ள அண்ணா,

அலோஹா. அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இடது கை மடங்கியே இருக்கிறது. பேச்சு வராது என்கிறார் டாக்டர். ஆனால் முகம் தெளிந்திருக்கிறது. சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுகிறார், சேப்பங்கிழங்குக் கூழை ஊட்டினால் முழுங்குகிறார். அண்ணன் வரப்போறான்ப்பா என்று சொன்னேன். தலையாட்டினார்! சிரிப்பு மாதிரி கூட ஒன்று வந்தது. இதை உனக்கு எழுத வேண்டும் என்று அன்று முழுக்கத் துடித்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்கு: எதையும் தட்டவில்லை அண்ணா. சத்தம் வந்துவிடக் கூடாது என்று இன்னொரு கையால் தந்திகளை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் தளர்த்தினேன். எல்ராய்க்கு ஒரு துளி கூடக் கேட்கவில்லை, அதற்கு நான் உறுதி.

ஏன் கேட்கிறாய்? நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா? அப்பா அன்றைக்கு அழுதது எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. கிடாரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உடனே எழுது.

உன் தங்கை,
ஹௌலானி


அரிசோனா
நவம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

அலோஹா. தாமதத்துக்கு மன்னித்துவிடு. வயிறு சரியில்லை. ஒன்றிரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன், கிழித்துப் போட்டேன். இப்போது தேவலை.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வீட்டில் வேற்றுக் காது நிற்கும்போது தளர்த்தாமல் வைப்பார்களா? அப்பா அழுதது நிம்மதியில்தான். நோயாளிகள் எதற்கும் அழுவார்கள், இங்கே ஆஸ்பத்திரிப் பிரிவில் தினமும் பார்க்கிறேன். அதை நினைத்துக்கொண்டு நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. சுருதியைப் பற்றிச் சும்மா ஓர் ஆர்வத்தில் கேட்டேன். வந்தால் கண்டுபிடித்துக்கொள்வேன், உன் படங்கள் இருக்கின்றன, சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டு காதில் இருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி விடுகிறார்கள். நீ லைலாவின் பிரசவத்துக்கு ஹோனலூலு போக வேண்டுமே, கவலைப்படாமல் போ. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்ட, ஊட்ட, எல்லாம் செய்வேன்.

அப்பாவிடம் சொல், பெனி வருகிறான் என்று.

உன் அண்ணன்,
பெனி


நாஆலேஹு
டிசம்பர் 12

அன்புத் தங்கை ஹௌலானிக்கு,

அலோஹா. பையன் பிறந்த செய்தி கேட்டு எல்ராய் தெருவையே கூட்டிவிட்டான். லைலாவுக்கு உடம்பு எப்படி? பால் போதுமான அளவு இருக்கிறதா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இங்கே அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். நான் இளைத்திருக்கிறேன் என்று ஊர் சொல்கிறது. முடி போனது போனதுதான்.

அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டாரா, பாட்டைக் கேட்டாரா என்று தொலைபேசியில் கேட்டாய். எல்ராய் பக்கத்தில் இருந்ததால் நான் பேச்சை மாற்றினேன். உன்னிடம் மறைக்க ஏற்கெனவே நிறைய இருக்கிறது, இதையாவது சொல்கிறேன்.

வந்த அன்றே அவர் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மெல்லிய தந்தி நாலின் சுருதியையும் உன் படங்களைக் கொண்டு ஏறக்குறையப் பிடித்துவிட்டேன். தடித்த இரண்டுக்கும் படம் கிடையாது, அவற்றை அவர் அழுத்துவதே இல்லை, கட்டைவிரலால் திறந்தபடி தட்டுகிறார். அவை எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும் என்பதில்தான் பாட்டே இருக்கிறது. அவரையே கேட்டேன்.

"இது சரியாப்பா?"

தலையாட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் என் காதுக்கு ஒப்பவில்லை, இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். "இதுவா?" தலையாட்டினார். வேண்டுமென்றே கண்டபடி முறுக்கினேன். நரி ஊளையிடுவது போல ஒரு சத்தம். அதற்கும் தலையாட்டினார். சரி, சுருதி போகட்டும் என்று விட்டுவிட்டேன். தப்பான சுருதியிலேயே பாட்டை முழுக்க வாசித்தேன். விரல்கள் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை, ஹௌ. நீ பார்த்திருக்க வேண்டும்.

முடித்ததும் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, வாயால் கேட்கவே மாட்டேன் என்று இருந்ததைக் கேட்டேன்.

"அப்பா, நான் பெனி. சாமுவேல் அங்கிளக் கொன்னது நான்தான். என்ன மன்னிச்சிட்டீங்களா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். நிதானமாக, இரண்டு தடவை. அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வலது கையை என் தலைமேல் வைத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் அப்படி வந்தது.

அதோடு விட்டிருந்தால் நானும் மனிதன். நேற்று மத்தியானம் ஊட்டிக்கொண்டிருந்தேன். கூழ் சூடா இருக்காப்பா என்றேன், தலையாட்டினார். ஊதிவிட்டு, ஆறிப்போச்சாப்பா என்றேன். அதற்கும் தலையாட்டினார். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். கேட்காதே, கேட்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டுவிட்டேன்.

"மாமா, நான் எல்ராய். என்னத் தெரியுதா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். நிதானமாக, இரண்டு தடவை. கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தார்.

குழந்தைக்கு என் முத்தம். அவசரப்பட்டு வராதே, கூட இருந்து பார்த்துக்கொள். இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

உன் அண்ணன்,
பெனி